எழுதுகோல் ஏந்திய கிருபாபாய் அம்மையார்

ஜூபிலி மலர் என்றால் பங்குக் குருக்களின் வரிசையும், கோவில் எழும்பிய கதையும், சப்பரமும் கொடிமரமும் இடம்பெறுவது முறை. அவற்றோடு ஒரு பெண்ணின் வரலாறும் இருக்கட்டும் என்று நினைத்தோம். அதுவும் அர்ச்சியசிஷ்டவளின் வரலாறு அல்ல, ஓர் எழுத்தாளரின் வரலாறு. கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார் 1862-ல் பிறந்து 1894-ல் மறைந்தவர். தம் காலத்தில் சென்னை ராஜதானியின் படித்த வட்டாரங்களில் நன்கு அறியப்பட்டிருந்தவர். 32 ஆண்டுகளே வாழ்ந்து, அதிலும் பாதியைப் படுக்கையிலும் வைத்தியர் வீட்டு வாசலிலும் கழித்து, இரண்டு நாவல்களை எழுதி வைத்துப் போனவர்.

அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். 2-ம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு பிரிந்த சகோதரர்கள் என்று நாம் அழைக்கப் பழகிக்கொண்டோமே, அந்தப் புராட்டஸ்டண்டுச் சபையார். தமிழ் பேசிப் பிறந்தவரும் அல்லர். பின் ஆலங்குளத்து மலரில் அவருக்கு என்ன இடம் என்று கேட்கலாம். அவர் வாழ்க்கைப்பட்டது நம் சீமைக் குடும்பத்தில். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் நம் பகுதி, 1910-ல் இராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்தத் திருநெல்வேலியின் முதல் தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் மருமகள் அவர். இது ஒரு காரணம். அவர் எழுப்பிய கேள்வி இன்னும் நம் வீடுகளில் பதில் சொல்லப்படாமல் கிடப்பது மற்றொரு காரணம்.

மராட்டிய தேசத்து அகமதுநகரில் ஹரிபந்த் கிஸ்தி என்பவருக்கும் ராதாபாய்க்கும் பிறந்த 14 பிள்ளைகளில் கிருபாபாய் 13-வது. தந்தை பிராமணர். பம்பாய் ராஜதானியில் ஞானஸ்நானம் பெற்ற பிராமணர்களில் ஆரம்பகாலத்தவர். சொத்து, சுற்றம், ஊரில் இருந்த மரியாதை எல்லாவற்றையும் இழந்து வேதத்தில் சேர்ந்தவர். மகள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார்.

ஆனால் கிருபாபாய் பிற்காலத்தில் தம் குடும்பக் கதையை நாவலாக எழுத உட்கார்ந்தபோது, தந்தையை மட்டும் வீரராக்கி வைத்துவிட்டுப் போகவில்லை. தாயிடமிருந்து தொடங்கினார். விளையாடும் பருவத்தில் மணமுடிக்கப்பட்டவள், கணவன் ஒருநாள் வேதத்தில் சேர்ந்துவிட்டான் என்று கேட்டு இடிந்துபோனவள், மனமில்லாமல் அவனோடு வாழப் போனவள், தாய்வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது என்று அழுதவள். அவளுக்கு விசுவாசம் வந்தது மெதுவாக, வருஷங்கள் கழித்து. வேதபோதக வரலாறுகளில் இன்னார் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறோம். அந்தக் குடும்பத்தோடு என்ற சொல்லுக்குள் முகமில்லாமல் இருந்த பெண்ணுக்கு ஒரு முகம் கொடுத்தார் மகள். நமக்குத் தெரிந்தவரை, அம்மையாரின் எழுத்தில் எல்லாவற்றிலும் மேலானது இந்தப் பகுதிதான்.

பையன்கள் படித்த வீட்டில் இந்தப் பெண்ணுக்கும் புத்தகத்தின்மேல் ஆசை விழுந்தது. பெண்ணுக்கு அடுப்படி போதும் என்ற பேச்சு கிறிஸ்தவ வீட்டிலும் இருக்கத்தான் செய்தது. வேதம் மாறினாலும் வழக்கம் உடனே மாறுவதில்லை. ஆதரவாக நின்றவர் மூத்த சகோதரர் பாஸ்கர். தங்கையோடு உட்கார்ந்து படித்தார், பேசினார், அவள் கேட்ட கேள்விகளை மதித்தார். அவரும் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்த அடியிலிருந்து கிருபாபாய் முழுவதும் மீளவே இல்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பிறகு ஐரோப்பிய மிஷன் மாதுகள் இருவரிடம் தங்கிப் படித்தார். அன்பும் கிடைத்தது, கூடவே வேறொன்றும் கிடைத்தது. வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்களுக்கும் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே தாண்ட முடியாத ஒரு கோடு இருப்பதை அந்தச் சிறுமி கண்டுகொண்டாள். அதை மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பின்னாளில் தம் நாவலில் மிஷன் வீடுகளின் பெருந்தன்மையையும் அவற்றின் அகங்காரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதினார். அவர்களை அண்டியே நாட்டுக் கிறிஸ்தவர்கள் பிழைத்திருந்த அந்த நாளில் இதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பம்பாயில் விடுதிப் பள்ளியில் படித்தபோது அமெரிக்கப் பெண் வைத்தியர் ஒருவரின் பழக்கம் ஏற்பட்டது. தானும் வைத்தியர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர்பிடித்தது. அக்காலத்தில் கோஷாப் பெண்களும் மேல்சாதி வீட்டுப் பெண்களும் ஆண் வைத்தியரிடம் நாடி காட்டுவதைவிடச் செத்துப்போவதே மேல் என்று நினைத்தார்கள், அப்படியே செத்தும் போனார்கள். பிரசவ அறைகளில் மாண்டவர்களுக்குக் கணக்கே கிடையாது. இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்கக் கிருபாபாய்க்கு உதவிச் சம்பளம் கிடைக்கும் நிலை வந்தது. பரிசோதித்தவர்கள், இந்த உடம்பு சீமையின் குளிரைத் தாங்காது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதனால் சென்னைக்கு வந்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேய மாதையும் அவரோடு மூவரையும் சேர்த்துக்கொண்டு, பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. உலகத்தில் பல பெரிய கல்லூரிகள் அன்று அந்தக் கதவைத் தாழ் போட்டு வைத்திருந்தன. தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறாத 1878-ல் கிருபாபாய் அங்கே சேர்ந்தார். வயது 16. முன்பின் தெரியாத ஊர், தெரியாத பாஷை, வகுப்பு நிறைய ஆண்கள். முதல் ஆண்டுப் பரீட்சையில் பரிசுகளை வாரிக்கொண்டார். அத்தோடு உடம்பு விழுந்துவிட்டது. மறு ஆண்டே படிப்பை விட்டுவிட்டுப் பூனாவில் இருந்த சகோதரி வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. வைத்தியர் கனவு அங்கேயே முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போவோம். பிரிந்த சகோதரர்கள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் சபையில் கன்னியர்கள் பிரசவம் உட்பட முழு வைத்தியமும் பார்க்க ரோமாபுரி பொதுவாக அனுமதி வழங்கியது 1936-ல்தான். அதற்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-ல் குண்டூருக்கு வந்து கன்னியராகி வைத்தியமும் பார்த்த மேரி குளோரி அம்மாளுக்குப் பாப்பரசரின் தனி அனுமதி தேவைப்பட்டது. இன்று நம் வீட்டுப் பெண்கள் கன்னியர் ஆஸ்பத்திரியில் கவலையின்றிப் பிள்ளை பெற்று வருகிறார்கள். அந்தப் பாதைக்கு 1870-களில் முதல் கல் எடுத்துப்போட்டவர்களில் இந்த 16 வயதுப் பெண்ணும் ஒருத்தி. ஷார்லீப் மாது மேற்படிப்பு முடித்துத் திரும்பி 1885-ல் சென்னையில் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரி, கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் திருவல்லிக்கேணியில் இன்றும் நடக்கிறது.

சென்னையில் கிருபாபாய்க்குத் தங்க இடம் கொடுத்தது டபிள்யூ. டி. சத்தியநாதன் குருவானவரின் வீடு. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர், திருநெல்வேலிச் சீமைக்காரர். அவர் மனைவி அன்னாள் அம்மையார் கடாட்சபுரம் ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். தென்னாட்டு ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அந்த ஐயர். அன்னாள் அம்மையாரும் சும்மா இருந்தவர் அல்லர். சிந்தாதிரிப்பேட்டையில் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பள்ளி நடத்தினார், வெளியே வராத பெண்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார், பிள்ளை வளர்ப்பைப் பற்றி 'நல்ல தாய்' என்று தமிழில் ஒரு நூலும் எழுதினார். படிக்கிற பெண்ணை அதிசயமாகப் பார்க்காத வீடு அது. அப்படி ஒரு வீடு அமையாமல் போயிருந்தால் கிருபாபாய் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறோம். திறமை கடவுள் தருவது, அது வெளிவர ஒரு திண்ணையை மனிதர்தானே தர வேண்டும்?

அந்த வீட்டின் மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பியிருந்தார். 1881-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. பெண்ணின் படிப்பைக் குறையாக நினைக்காமல் அதற்காகவே அவளை மதித்த கணவர் கிடைத்தது அம்மையாரின் பாக்கியம். சாமுவேல் உதகமண்டலத்தில் பள்ளித் தலைமையாசிரியராகப் போனார். மலைக்காற்று கிருபாபாயின் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. அங்கே முஸ்லிம் சிறுமிகளுக்காக ஒரு பள்ளி தொடங்கித் தாமே கற்பித்தார். இன்னும் சில பெண் பள்ளிகளிலும் பாடம் எடுத்தார். தோடர் மந்துக்குப் போய் வந்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகைக்கு அனுப்பினார். அச்சில் அவர் பெயர் இல்லை. ஓர் இந்திய மாது எழுதியது என்று மட்டும் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்குப் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். அந்த ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண் தான் பாடிய பாட்டின் முடிவில் கோதை என்று தன் பெயரைத் துணிந்து வைத்துக்கொண்டாள். 1880-களில் ஆங்கிலம் கற்ற ஒரு பெண், குளிர்ந்த மலையைப் பற்றிய ஒரு சாதாரணக் கட்டுரைக்கும் தன் பெயரைப் போடத் தயங்க வேண்டியிருந்தது. நாகரிகம் முன்னேறுகிறது என்று நாம் நினைக்கும் காலம் எல்லாம் பெண்ணுக்கும் முன்னேற்றமாக இருந்துவிடவில்லை.

கணவரின் உத்தியோகம் ராஜமகேந்திரபுரம், கும்பகோணம் என்று மாறி மாறி இழுத்தது. தாழ்நாட்டு வெப்பம் மீண்டும் உடம்பைக் கெடுத்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1886-ல் சென்னைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவர் பெரிய எழுத்தில் இறங்கினார். 'சகுணா' என்ற நாவல் 1887, 1888-ம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் சஞ்சிகையில் தொடராக வந்து, பிறகு புத்தகமானது. வங்கத்துத் தோரு தத் என்ற இளம் கவி ஆங்கிலத்தில் ஒரு நாவலைத் தொடங்கி முடிக்காமலே இறந்திருந்தார். ஆங்கிலத்தில் தன் வாழ்க்கையை முழு நாவலாக எழுதி முடித்த இந்தியப் பெண்களில் கிருபாபாய் முதல் வரிசையில் நிற்கிறார்.

சகுணா யார்? ஏறக்குறைய கிருபாபாய்தான். படிக்க ஆசைப்படுகிறாள், கேலிக்கு ஆளாகிறாள், வந்த வரன்களைத் தட்டிக் கழிக்கிறாள். கல்யாணம்தான் பெண் ஜென்மத்தின் எல்லை என்பதை அவள் ஏற்கவில்லை. தனக்கென்று ஒரு வேலையும் ஒரு நோக்கமும் இருக்கலாகாதா என்று கேட்கிறாள். அதே சமயம் வெள்ளைக்காரிபோல் உடுத்திக்கொண்டு வீட்டாரை இளப்பமாகப் பார்ப்பதையும் அவள் விரும்பவில்லை. கதை முடிவில் அவளும் மணம் செய்துகொள்கிறாள், தன்னைச் சமமாக நடத்தும் ஒருவனை.

அதே ஆண்டுகளில் நம் சபையிலும் ஒருவர் பெண்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1879-ல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அதில் வரும் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாட்டையே ஆள்கிறாள். பெண் கல்விக்காகப் பிள்ளையவர்கள் தனி நூல்களே எழுதினார். கத்தோலிக்கராக நமக்கு அதில் பெருமைதான். ஆனாலும் அது பெண்ணுக்காக ஒரு நல்ல ஆண் பேசிய பேச்சு. ஞானாம்பாள் எந்த இடத்திலும் தோற்பதில்லை, களைப்பதில்லை. சகுணா அழுகிறாள், கோபப்படுகிறாள், நோயில் விழுகிறாள், பாதிப் படிப்பில் வீடு திரும்புகிறாள். பெண்ணே பேசும்போது வரும் வித்தியாசம் இது. பிள்ளையவர்கள் 1889-ல் காலமானார். அப்போது கிருபாபாய் சென்னையில் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது நாவல் 'கமலா'. தம் நோய் தீராது என்று தெரிந்தபின் எழுதியது. இதில் வருவது கிறிஸ்தவ வீடு அல்ல, பிராமண வீடு. தாயில்லாப் பெண் கமலா சிறு வயதில் கணேஷ் என்பவனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். படித்த கணவன் ஆசையாக அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்குகிறான். வீட்டார் சிரிக்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள். கொஞ்ச நாளில் அவனே புத்தகத்தை மூடிவிடுகிறான். கொடுமைக்கார மாமியாரைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. நல்ல எண்ணம் இருந்தும் நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து பின்வாங்கும் இந்தக் கணவனைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவனை நாமும் பார்த்திருக்கிறோம். மகளைப் பத்தாவதுக்கு மேல் அனுப்ப மனசு இருந்தும், ஊர் என்ன சொல்லுமோ என்று நிறுத்திய தகப்பன்மார் அவனுக்கு உறவுதான். சிவகாசியைச் சுற்றிய ஊர்களில் ஒரு காலத்தில் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஏறிய பெண்பிள்ளைகளுக்கு வறுமை மட்டும் காரணமாக இருக்கவில்லை. தம்பி படிக்கட்டும், நீ போ என்ற சொல்லும் காரணமாக இருந்தது.

கமலா பின்னர் விதவையாகிறாள். அவளை நேசித்த உறவினன், வைத்தியன், மறுமணம் செய்துகொள்ள முன்வருகிறான். கமலா மறுத்துவிடுகிறாள். தன் கைக்கு வந்த சொத்தை விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் செலவிட்டு வாழ்கிறாள். இந்த முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்திருக்கிறது. மறுமணத்தைச் சட்டம் 1856-லேயே அனுமதித்துவிட்டதே, இவ்வளவு துணிந்த அம்மையார் கதாநாயகியைப் பழைய வழக்கத்திற்கே அடங்க வைத்துவிட்டாரே என்று குறை சொல்வார்கள். குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நாம் வேறு விதமாகவும் படிக்கிறோம். புருஷன் வீட்டிலிருந்து இன்னொரு புருஷன் வீட்டுக்குப் போவது ஒன்றுதான் பெண்ணுக்கு விடுதலையா? கமலா தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவிடுகிறாள், யாருடைய உத்தரவும் கேட்காமல். கன்னியர் மடங்களை அறிந்த நம் பங்கு மக்களுக்கு, மணம் வேண்டாம் என்று சொல்லும் பெண் எல்லாம் அடங்கிப்போனவள் அல்ல என்பது எளிதில் விளங்கும்.

'கமலா'வை அவர் மரணப்படுக்கையில்தான் முடித்தார். 1894 ஆகஸ்டில் சென்னையில் இறந்தார். அதே ஆண்டில் நாவல் அச்சேறியது. அவர் எழுதிய கட்டுரைகள் தனித் தொகுப்பாக 1896-ல் வெளிவந்தன. விக்டோரியா மகாராணி 'சகுணா'வைப் படித்துவிட்டு அவருடைய வேறு நூல்களையும் கேட்டார் என்று பதிவாகியிருக்கிறது. அந்நாளில் அதைப் பெரிய கௌரவமாகப் பேசினார்கள். நமக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மருத்துவம் படிக்க விரும்பும் இந்தியப் பெண்களுக்காக அவர் பெயரால் சென்னையில் ஒரு உதவிச் சம்பளம் ஏற்படுத்தினார்கள். தமக்கு முடியாமல் போன படிப்பு மற்றப் பெண்களுக்கு அவர் பெயராலேயே வாய்த்தது. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ஆங்கிலத்தில் முதலாக வரும் பெண்ணுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பதக்கமும் வைத்தார்கள்.

சாமுவேல் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். மறுமணம் செய்துகொண்ட மனைவியும் படித்தவர், அவர் பெயரும் கமலா. அந்தக் கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-ல் சென்னையிலிருந்து இந்தியப் பெண்களுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு மாத சஞ்சிகை தொடங்கித் தாமே ஆசிரியராக இருந்து நடத்தினார். 1906-ல் சாமுவேல் ஜப்பானில் இறந்த பிறகும், கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அதை விடாமல் நடத்தினார். பெண்களே நாட்டை ஆள, ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதாக வங்கத்து ரொக்கையா பேகம் எழுதிய புகழ்பெற்ற கற்பனைக் கதை 1905-ல் முதலில் வந்தது அந்தச் சென்னைச் சஞ்சிகையில்தான்.

கிருபாபாயின் நாவல்கள் பல காலம் அச்சில் இல்லாமல் கிடந்தன. 1998-ல் ஆக்ஸ்போர்டு நிறுவனம் இரண்டையும் மறுபடி வெளியிட்ட பிறகு கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் அம்மையார் மறைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே 'சகுணா'வும் 'கமலா'வும் தமிழிலும் வெளிவந்தன. அந்தப் பழைய தமிழ்ப் பதிப்புகள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. நம் பகுதியில் ஆசிரியர் வேலை பார்த்த குடும்பங்கள் நிறைய உண்டு. தாத்தா பாட்டி காலத்து மரப்பெட்டியிலோ பரண் மேலோ அட்டை கிழிந்த ஒரு பிரதி யார் வீட்டிலாவது இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். பங்கு அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டினால் படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.